வடலூர்ச் சாலையும் வள்ளலார் வசனமும்

1. நோக்கம்

இராமலிங்க அடிகளைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலன அவர்தம் பாடல்களைப் பற்றியனவே. ஆறு திருமுறைகளாக அமைந்த அருட்பாவின் பெருமையை நோக்க, இது வியப்பன்று. ஆயினும், அடிகள் பாவலர் மட்டுமல்லர், வசனம் எழுதியவர், சங்கமும் சாலையும் சபையும் கண்டவர், கற்பிக்க முயன்றவர், சாதி சமய வேறுபாடுகளையும் அவற்றைச் சார்ந்த சடங்குகளையும் மறுத்தவர். அவர்தம் வரலாற்றை எழுதுவோர் இச்செயல்களை ஒருபுறமும் பாடல்களை மற்றொருபுறமும் நிறுத்தி, வசனத்தை இரண்டிற்கும் இடையே பின்னிணைப்பாக விட்டுவிடுகின்றனர்.

நாம் இக்கட்டுரையில் கூற விழைவது ஒன்றே. அடிகளின் சீர்திருத்தம் முதலிற் கருக்கொண்டதும், பின்னர் வளர்ந்ததும், இறுதியில் தன் எல்லையைத் தானே காட்டியதும் அவர்தம் வசனத்திலேதான். 1854-ஆம் ஆண்டு முதல் 1873-ஆம் ஆண்டு வரை அவ்வசனம் யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதை வரிசைப்படுத்திக் கண்டால், அவர்தம் வாழ்க்கையின் திருப்பங்கள் தாமே விளங்கும்.

2. சான்றுகளின் தரம்

அடிகளின் வசனப்பகுதி என இன்று நம் கையில் இருப்பன யாவும் ஒரு தரத்தன அல்ல. அவர் காலத்திலேயே அச்சேறிய நூல் ஒன்று. அவர் எழுதிய கடிதங்களும் அறிவிப்புகளும் மற்றொன்று. அவர் பேசக் கேட்டோர் குறித்துவைத்த உபதேசக் குறிப்புகள் வேறொன்று. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரு பகுதிகளாக வெளியிட்ட பதிப்பும், பின்னர் ஊரன் அடிகள் வெளியிட்ட பதிப்பும் இவற்றையெல்லாம் திரட்டித் தந்தன. அவ்விருவர்க்கும் தமிழுலகம் கடப்பாடுடையது.

எனினும், திரட்டு என்பது ஒன்று. எடைபோடுதல் என்பது மற்றொன்று. கேட்டோர் குறிப்பில் உள்ள தொடரை அடிகளின் சொல்லாட்சிக்குச் சான்றாகக் காட்டுவது பிழை. கருத்திற்குச் சான்றாகக் காட்டுவது தகும். இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பல. நாம் நடையைப் பற்றிப் பேசுங்கால் முதலிரு வகைகளையே கொள்வோம். கேட்டோர் குறிப்புகளைக் கருத்தின் பொருட்டு மட்டும் எடுத்தாள்வோம்.

3. அரசன் வாயில் எழுந்த வினா

அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்திற்கு வடமேற்கிலுள்ள மருதூரிற் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை, அன்னையார் சின்னம்மை. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தமையால் குடும்பம் பெயர்ந்தது. அவர்தம் இளமை சென்னையிற் கழிந்தது. அங்கே 1851-இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது.

மனுநீதிச் சோழன் வரலாறு சேக்கிழார் திருநகரச் சிறப்பிற் பாடியதே. தேர்க்காலில் ஆவின் கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அடித்தது. அரசன் தன் மைந்தன்மீது தேரூர்ந்தான். சேக்கிழார் இதனைச் சோழர் செங்கோலின் சிறப்பாகக் காட்டினார். ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கியபோது, மூலத்தின் போக்கினின்றும் வழுவாது தெளிவுறச் சொல்லுதலையே தம் கடனாகக் கொண்டார். இராமலிங்கர் செய்ததோ வேறு. கதையை நடுவில் நிறுத்தி, அரசனைத் தன்னைத்தானே வினவ வைத்தார். ‘இத்துயர் எனக்கு நேர்தற்கு நான் முற்பிறப்பிற் செய்த தீமை யாது?’ என்று தொடங்கி, அரசன் அடுக்கும் குற்றங்களின் பட்டியல் சேக்கிழாரிடத்தில் இல்லாதது.

அப்பட்டியல் இன்று தனித்தாளாக அச்சிடப்பெற்றும் மனப்பாடம் செய்யப்பெற்றும் வழங்குகின்றது. அதனை அறநூல்களின் பொதுமொழித் தொகுப்பாகக் கருதுவோர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அதன்கண் உள்ள குற்றங்களை உற்றுநோக்குக. வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தல், குடிகள்மேல் வரியை உயர்த்துதல், பசித்து வந்தவர் முகத்தைப் பாராதிருத்தல் ஆகியன கோயிற் குற்றங்களோடும் குரவர்க்கு இழைத்த பிழைகளோடும் ஒரே நிரலில் நிற்கின்றன. எது பெரிது, எது சிறிது என்னும் தரம் பிரிப்பு இல்லை. கூலி குறைத்தவனும் சிவனடியாரை இகழ்ந்தவனும் ஒரே தொடரில் விடை கூறவேண்டியவராகின்றனர். பின்னாளைய சீர்திருத்தத்தின் வித்து இதுவே.

ஆயின், அது வித்து மட்டுமே. வினவுவோன் அரசன், வினவப்படுவோனும் அரசனே. கேட்டிருக்கும் மக்கள் தம்மைப்பற்றி நினைக்க வேண்டுவதில்லை. மேலும் அரசனது வினா முற்பிறப்பை நோக்கியது. துயருற்றவன் தன் பழவினையைத் தேடுகின்றான் என்பதே அதன் அமைப்பு. இவ்விரண்டும் பதின்மூன்று ஆண்டுகளில் தலைகீழாக மாறுவதை இனிக் காண்போம்.

4. கருங்குழியும் கடிதங்களும்

1858 அளவில் அடிகள் சென்னையை நீத்துச் சிதம்பரம் சார்ந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்திற் தங்கினார். 1867 வரை அவ்வூரே அவர் இருப்பிடம். சமரச வேத சன்மார்க்க சங்கம் 1865-இல் தோன்றியதும் இக்காலத்தேயாம்.

நகரத்தை விட்டு நாட்டுப்புறம் சென்றதால் நடை மாறிற்று என்பதற்குக் கடிதங்களே சான்று. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார் முதலாயினோர்க்கு எழுதிய கடிதங்களில், ஒழிவிலொடுக்கப் பதிப்பாசிரியரின் நீண்ட அடைமொழிகளைக் காண்டல் அரிது. உடல்நலம், மருந்து, குடும்பம், பயணம், பதிப்பு என்னும் அன்றாடச் செய்திகளே அவற்றில் நிறைந்துள்ளன. பேச்சு வழக்குச் சொற்கள் தயக்கமின்றி வருகின்றன.

அவற்றுள் ஒரு செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பாடல்களை அச்சிட அன்பர் முனைந்தபோது, தம் பெயரோடு ‘சாமி’ என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குதல் ஆரவாரமாகத் தோன்றுவதால் அதனை விலக்குமாறு அடிகள் எழுதினார். 1867-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவருட்பா வெளிவந்தபோது, மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் பெயரை ஈந்தார். அடைமொழியை மறுத்தவர்க்கு அதனினும் பெரிய அடைமொழியே வாய்த்தது! அச்சில் வந்த பெயர்க்கும் கடிதத்தில் உள்ள மறுப்பிற்கும் இடையேயுள்ள தொலைவு, அடியார் கண்ட வள்ளலார்க்கும் எழுதிய இராமலிங்கர்க்கும் இடையேயுள்ள தொலைவாகும்.

5. பசியின் இலக்கணம்

அதே ஆண்டில் பார்வதிபுரமாகிய வடலூர் மக்கள் எண்பது காணி நிலத்தை அளித்தனர். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது உணவளித்து வருகின்றது. சாலையைப் பஞ்சநிவாரணமாக மட்டும் கருதுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். தென்னகத்தைச் சூறையாடிய தாது ஆண்டுப் பஞ்சம் தொடங்கியது 1876-இல். சாலை அதற்கு ஒன்பது ஆண்டு முந்தியது. அடிகள் பஞ்சத்திற்கு விடை தேடினாரல்லர். நாள்தோறும் வரும் பசிக்கே விடை தேடினார்.

சாலைத் தொடக்க நாளிற் படிக்கப்பெற்ற ஜீவகாருண்ய ஒழுக்கம் நமக்கு நிறைவுறாத நூலாகவே கிடைத்துள்ளது. ஆயினும், அடிகளின் வசனத்துள் தலையாயது அதுவே என்பது நம் துணிபு. அதன் சிறப்புகள் மூன்று.

முதலாவது, இரக்கத்தை அந்நூல் கொடையாகக் கூறாது உரிமையாகக் கூறுகின்றது. உடன்பிறந்தான் ஒருவன் துன்புறக் கண்ட மற்றொருவன் உருகுதல் உடம்பால் வந்த உரிமை. அதுபோல, உயிர்கள் யாவும் ஒரே இயற்கையின என்பதால் ஓருயிர் வருந்த மற்றோருயிர் உருகுதல் ஆன்ம உரிமை என்பது வாதம். கொடுப்போன் உயர்ந்தவன், கொள்வோன் தாழ்ந்தவன் என்னும் பழைய ஏற்பாட்டிற்கு இங்கே இடமில்லை. உருகாதவர் உளரே என்னும் ஐயத்திற்கும் விடை உண்டு. அவர்க்கு ஆன்ம அறிவாகிய கண் மங்கியது. துணையாக அணிந்த மனமாகிய மூக்குக்கண்ணாடியும் தடித்து ஒளியிழந்தது என்கிறார். மெய்ப்பொருள் கூறும் நூலில் மூக்குக்கண்ணாடி உவமையாக வருதல், அந்நூல் யார்க்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டும்.

இரண்டாவது, பசியை அந்நூல் உறுப்புத்தோறும் கண்டு கூறுகின்றது. அறிவு மயங்குதல், மனம் தளர்தல், கண் பஞ்சடைந்து குழிதல், செவி அடைத்தல், நாவுலர்தல் எனப் பசி ஏறும் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உணவு உண்டவுடன் அவையே ஒவ்வொன்றாகத் தெளிதலும் கூறப்படுகின்றது. மணிமேகலை முதலாகத் தமிழில் பசியைப் பாடியோர் பலர். ஆனால், ஒரு மருத்துவன் நோய்க்குறி எழுதுவதுபோல் அதனை வசனத்தில் வகுத்தவர் இவர்க்கு முன் அரியர். இங்கே தொடர் நீண்டு செல்வது குற்றமாகாது. பசி நீளும் அளவிற்கே தொடரும் நீள்கின்றது.

மூன்றாவது, வினைக்கொள்கையின் பெயரால் எழும் மறுப்பை அந்நூல் நேருக்கு நேர் எதிர்கொள்கின்றது. ஒருவன் பசித்தல் அவன் பழவினைக்கு இறைவன் விதித்த தண்டம். அதனை நாம் நீக்குதல் இறையாணைக்கு மாறன்றோ என்பது வினா. அரசன் தன் ஆணைக்கு மாறுபட்ட கொடிய குற்றவாளியைச் சிறையிலிட்டாலும், தன் ஏவலரைக் கொண்டு அவனுக்கு உணவளிக்கின்றான். இறைவனும் அத்தகையனே என்பது விடை.

இவ்விடையின் ஆற்றல் யாது? வினை உண்டு என்பதை அடிகள் மறுக்கவில்லை. ஆனால், வினையைக் காட்டி ஈயாதிருக்கும் வாயிலை அடைத்துவிட்டார். 1854-இல் துயருற்ற அரசன் தன் முற்பிறப்பைத் தேடினான். 1867-இல் பிறர் துயரைக் கண்டவன் அவர் முற்பிறப்பைத் தேடுதல் கூடாது என்றாயிற்று. முன்னைய நூலில் வினவுவோனாக இருந்த அரசன் பின்னைய நூலில் வெறும் உவமையாகச் சுருங்கினான். அவன் இருந்த இடத்தில் இல்லறத்தான் வந்து நிற்கின்றான். திருமணப் பந்தலையும் ஊர்வலத்தையும் ஆடல் பாடலையும் ஆரவாரமாக நிகழ்த்தி, வாயிலில் நிற்கும் பசித்தவர் முகத்தைப் பார்க்க இசையாத செல்வரை அந்நூல் கடிந்துரைக்கின்றது. மனுமுறையில் ஒரு வரியாக இருந்த ‘பசித்தவர் முகம்’ இங்கே ஒரு காட்சியாக விரிந்தது. வாழ்க்கையும் வசனமும் ஒருங்கே வளர்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

6. ஒரே நாட்டில் இரு வசனம்

இந்நிலையில் ஆறுமுக நாவலரை ஒப்பிடாது செல்லுதல் இயலாது. நாவலர் பிறந்தது 1822-இல். இராமலிங்கர்க்கு ஓராண்டு மூத்தவர். நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1864-இல். வடலூர்ச் சாலை எழுந்தது 1867-இல். இருவரும் அச்சை அறிந்தவர். இருவரும் தென்னார்க்காட்டைத் தம் செயற்களமாகக் கொண்டவர். ஆயினும், இருவர் பெயரையும் ஒருங்கே கேட்ட அளவில் நம் நினைவிற்கு வருவது 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்த வழக்கே. அவ்வழக்கைப் பற்றி இருதிறத்தாரும் வழங்கும் கதைகள் ஒன்றோடொன்று முரண்படுவன. அவற்றுள் எது மெய் என வாதிடுவது இக்கட்டுரையின் வேலையன்று. வாதி, பிரதிவாதி எனக் கண்டு பழகிய கண், இருவரையும் உரைநடை ஆசிரியர்களாக ஒருங்கு காணும் வாய்ப்பை இழந்தது என்பதே நம் குறை.

தெளிவு, இலக்கண அமைதி, சொற்செட்டு, நிறுத்தக்குறியீடுகளைக் கையாளும் திறம் இவற்றில் நாவலர்க்கு ஒப்பார் அந்நூற்றாண்டில் இலர். இராமலிங்கரின் தொடர்கள் பலவிடங்களில் மூச்சுமுட்ட நீள்கின்றன, வடசொற்கள் மிகுதி, கூறியது கூறலும் உண்டு. இவற்றை மறைத்தல் திறனாய்வாகாது.

ஆனால், வேறுபாடு நடையளவில் நிற்பதன்று. நாவலரின் சைவ வினாவிடையில் வினவுவோன் கற்கும் சிறுவன். விடை முன்னரே உறுதிப்பட்டது. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் வினவுவோன் நம்ப மறுக்கும் முதியவன். விடையை நூலாசிரியன் அவன் முன்னிலையில் ஆக்கிக் காட்டவேண்டியுள்ளது. நாவலர் தம் விளம்பரங்களில் விளித்தது சைவரை. இராமலிங்கரின் பிற்கால அறிவிப்புகள் விளிப்பதோ, அடைதற்கரிய மனிதப்பிறவியை அடைந்தோர் யாவரையும். கேட்போர் வட்டம் விரிய விரியத் தொடர் நீள்கின்றது. ஏனெனில், பொதுவாக ஒப்புக்கொண்ட நூல்களைச் சுட்டி வாதத்தைச் சுருக்கும் வசதி அவர்க்கு இல்லை. சைவரோடு பேசுவோர்க்கு ஆகம மேற்கோள் ஒன்று போதும். எல்லோரோடும் பேசுவோர் அடியிலிருந்து தொடங்கவேண்டும்.

இருவரும் ஒன்றுபட்ட இடமும் உண்டு. 1877-இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நிகழ்த்தி ஏழைகளைக் காத்தார். கொள்கையால் மலைந்த இருவரும் அடுப்பின் முன்னர் ஒத்தனர். வழக்கினைப் பேசுவோர் இதனையும் பேசுதல் முறை.

7. கல்வி

அடிகளைக் கல்வியாளர் எனக் கூறுதற்கு ஆதாரம் யாது என வினவலாம். வடலூரில் சன்மார்க்க போதினி என்னும் பாடசாலையைக் கண்டு, தமிழோடு வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கவும், சிறுவரோடு முதியோரும் பயிலவும் அவர் வழிவகுத்தார் என்பர். திருக்குறள் வகுப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் கூறும் செய்தி இவ்விடத்திற் பொருந்துவதாகும். பொதுமக்களுக்குக் குறளை விளக்கும் பணியை அடிகள் வேலாயுத முதலியாரிடம் அளித்தார். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழாசிரியராக விளங்கிய அப்பெரும்புலவர் உயர்ந்த நடையில் விரித்துரைத்தார். கேட்டோர்க்கு விளங்கவில்லை. அடிகள் அப்பணியை எளிதிற் சொல்லவல்ல வேறோர் அன்பரிடம் மாற்றினார் என்பது அச்செய்தி.

இச்செய்தியைப் புலமைக்கு இழுக்காகக் கொள்ளல் வேண்டா. புலவர்க்காகப் பதிப்பித்தும் உரை கண்டும் வந்த ஒருவர், பதினைந்து ஆண்டுகளில் எங்கே வந்து சேர்ந்தார் என்பதையே அது காட்டுகின்றது. இருபாலாரும் வேறுபாடின்றிக் கற்றல் வேண்டும் என்னும் கருத்து உபதேசக் குறிப்புகளில் காணப்படுகின்றது. சொல் கேட்டோருடையதாயினும், கருத்து அடிகளுடையதென்றே கொள்ளலாம். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்குதல் வேண்டா என 1871-ஆம் ஆண்டு அறிவிப்பில் அவரே எழுதியுள்ளமை அதற்கு அரண் செய்கின்றது.

8. எல்லை

1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. அவ்வாண்டு சூலை 18-ஆம் நாள் வழிபாட்டு விதிகள் வெளியாயின. சபையினுள் விளக்கேற்றவும் தூய்மை செய்யவும் பன்னிரண்டு ஆண்டிற்குட்பட்ட சிறுவரோ எழுபத்திரண்டு ஆண்டிற்கு மேற்பட்ட முதியோரோ செல்லலாம் என்பது ஒரு விதி. பிறப்பால் ஒரு குலத்தார்க்கு உரியதாயிருந்த பணியை அகவையால் அளந்த இவ்விதியின் புரட்சி வெளிப்படை. சிதம்பரத்திற்கு அணித்தாக, அதற்கு விடைபோல் எழுந்த சபை அது.

ஆயின், அவ்வசனமே வேறோர் எல்லைக்கோட்டையும் இழுக்கின்றது. கொலை செய்வாரும் புலால் உண்பாரும் புறவினத்தார். அவர்க்குப் பசி நீக்குதல் ஒன்றே செய்யத்தக்கது. ஏனையோரே அகவினத்தார் என்பது அது. சோறு எல்லார்க்கும், போதனை சிலர்க்கு. அடிகளைப் போற்றுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் கடத்தல் ஆகாது.

ஒழுக்கம் மாறத்தக்கது, பிறப்பு மாறாதது; ஆதலின் இக்கோடு சாதிக்கோடு அன்று என்னும் விடை வன்மையுடையதே. அடிகளின் கருத்தும் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால், உணவு குலத்தோடு பிணைந்து கிடக்கும் ஒரு நாட்டில், உணவால் இழுத்த கோடு பெரும்பாலும் பழைய கோட்டின்மேலேயே விழும். உழைத்து உண்ணும் மக்களுட் பலர் சாலைக்குள் விருந்தினராகவும் சபைக்குப் புறத்தினராகவும் நிற்க நேர்ந்தது. உயிர்கள் அனைத்திற்கும் இரங்கும் கொள்கை, மனிதருள் ஒரு பகுதியைத் தொலைவில் நிறுத்தும் இடர்ப்பாடு இது. ஆன்ம உரிமை என்னும் அடிகளின் வாதத்தை அதன் முடிவுவரை கொண்டு செல்வோர், இக்கோட்டை அவ்வாதத்தைக் கொண்டே வினவ நேரும்.

அடிகள் தம்மைத் தாமே வினவ அஞ்சியவர் அல்லர். 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி உயர்த்தி நிகழ்த்திய பேருபதேசத்தில், வேதம், ஆகமம், சமயம் ஆகியவற்றின்மேல் வைத்த பற்றை விடுமாறு கூறினார். தமக்கு முன்னர்ச் சைவத்தின்மேல் இருந்த பற்றைத் தம் பழைய பாடல்களே காட்டும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். தம் பாடல்களையே தம் வளர்ச்சிக்கு முந்திய சான்றாக எண்ணி ஒதுக்கிய பாவலர் தமிழில் வேறு உளரோ, அறியோம். அதன்பின் மூன்று திங்களில், 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், அடிகள் மேட்டுக்குப்பத்து அறையினுட் புகுந்து கதவடைத்துக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் கண்டிலர். அதன் உட்பொருளை ஆராய்தல் வசன ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: அடிகளின் வசனம் முதலில் அரசன் வாயில் அமைந்தது, பின்னர்க் கடிதத்தில் நண்பரை நோக்கிற்று, சாலையில் இல்லறத்தாரை நோக்கிற்று, அறிவிப்புகளில் மனிதப் பிறவியுற்றோர் யாவரையும் நோக்கிற்று, இறுதியில் தன் பழைய பாடல்களையே திரும்பி நோக்கிற்று. இவ்வரிசையை விட்டு அவர்தம் வாழ்க்கையை எழுதின், அற்புதங்களின் அடுக்கோ வழக்கின் கதையோதான் மிஞ்சும்.

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் நாவலரோடு இராமலிங்கரையும் உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். குறைகளோடே வைத்தல் வேண்டும். அவர்தம் கடிதங்களையும் அறிவிப்புகளையும் நாள் வரிசைப்படுத்தி, தம் கையால் எழுதியது இது, கேட்டோர் குறித்தது இது எனப் பிரித்துக் காட்டும் ஆய்வுப்பதிப்பினை உருவாக்குதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். கடலூர் மாவட்டத்துக் கல்விநிலையங்களுக்கு அப்பணி அண்மையது. ஏனெனில், மருதூரும் கருங்குழியும் வடலூரும் மேட்டுக்குப்பமும் ஒரு நாளில் சென்று மீளத்தக்க தொலைவிலேயே உள்ளன.